ஓட்டுத் தையல்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறு எதுவும் கண்ணில் படாது.
இருந்தவற்றைக் குழாய்க்குள் அடைத்து
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
வூச் என்று சொல்லிப் பாருங்கள்,
தண்ணீர் இல்லாமலே துடுப்புச் சத்தம் கேட்கும்.

பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
பெயர் பிரிப்பது என் வேலை.
திவாலான விமானக் கம்பெனியின் மேலங்கிகள்,
இன்னொன்றுக்குள் கரைந்துபோன வங்கியின் கழுத்துக்குட்டைகள்,
பத்தாண்டில் மூன்று முறை பெயர் மாறிய
காவல் நிறுவனத்தின் சட்டைகள்
மூட்டை மூட்டையாய் வரும்.
கொக்கி முள்ளால் ஓரத்தைக் கிளப்பி
நாலு தையலுக்கு ஒன்று அறுத்தால்
மீதி தானாக வந்துவிடும்.
ஸ்டானிஸ்வாவ் உடனே வந்துவிட்டார்.
பெயாட்டா அடம்பிடித்தாள்:
வீட்டில் யாரோ கையால்
இரண்டாம் முறை தைத்திருக்கிறார்கள்.

பிரித்த பெயர்கள் வெள்ளரி ஊறுகாய் ஜாடியில்.
வெள்ளிக்கிழமை எடைக்குப் போடுவோம்.
ஒரு கிலோவுக்குச் சுமார் நானூறு பேர்.

பெயர் இருந்த இடம் மட்டும் வெளுப்பதில்லை.
வெயிலும் சோப்பும் தொடாத
முதல் நாள் நீலம்.
எட்டு எழுத்து நீளத்துக்கு
யாருடையதும் அல்லாத நீலம்.

பாம்புக்கு எளிது.
அதன் சட்டையில் யாரும் பெயர் தைப்பதில்லை.

நானும் கழற்றியவள்தான்.
பள்ளியில் ஒரு கழுத்துத்துணி.
பதினாறு வயதில், காலருக்கு உள்பக்கமாக,
வெளியே தெரியாத ஓர் ஊசிச் சின்னம்.
அப்புறம் பத்தொன்பது வருடம்
ஒரு கணவரின் குடும்பப் பெயர்.
அதை நீக்க நீதிமன்றத்துக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது;
தபால்காரருக்கு இன்னும் போதவில்லை.

இடையில் கொஞ்ச காலம் ஆனாவாக இருந்தேன்.
காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசி அறையில்
நாங்கள் ஆறு பெண்கள்,
ஆறு பேரும் ஆனா.
கூப்பிடுகிறவர்களுக்கு அது போதும் என்றார்கள்.
ஷ்செச்சினிலிருந்து ஒருவர் மாதாமாதம் பேசுவார்,
தவணை பற்றி, தன் முழங்கால் பற்றி,
மனைவி சுடும் ஆப்பிள் கேக் பற்றி.
ஒரு பிப்ரவரியில் கேட்டார், ஆனா இருக்கிறாளா?
நான்தான் என்றேன்.
மனைவி போய்விட்டாள்,
உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றார்.
ஆறில் எந்த ஆனாவுக்கு என்று
எப்படிக் கேட்பது?
ஆனாவாக அழுதேன்.
ஒன்பதாம் எண் டிராமில்
யோலாந்தாவாக வீடு திரும்பினேன்.
கண் மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது.

மூட்டை தூக்கும் ஓல்கியெர்டுக்கு இருபத்தாறு வயது.
ஊரில் கால்பந்துக் கழகங்கள் இரண்டு;
எதற்காகக் கத்துகிறாய் என்பதுதான்
இங்கே குலம் கோத்திரம் எல்லாம்.
அவன் கழுத்தில் ஒன்றின் சின்னம்
பச்சை குத்தியிருந்தது.
மழலையர் பள்ளிச் சமையலறைக்கு மனுப் போட்டதும்
லேசரில் அழிக்கத் தொடங்கினான், எட்டுத் தவணையாக.
குத்தும்போது இவ்வளவு வலிக்கவில்லை,
அன்றைக்குப் பக்கத்தில் நூறு பேர் பாடினார்கள் என்றான்.
இப்போது பாதி அழிந்து
ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி இருக்கிறது.
எந்த நாடு என்று பிள்ளைகள் கேட்கும்,
ஏதாவது பெயர் யோசித்து வை என்றேன்.

போன வாரம் எங்கள் கம்பெனியையே
யாரோ வாங்கிவிட்டார்கள்.
புதுச் சட்டை, பழுப்பு.
பெயர்ப்பட்டை தனி உறையில்;
அவரவர் தைத்துக்கொள்ள வேண்டுமாம்.
என் பட்டையில் ஓர் எழுத்து தப்பு.
திருப்பி அனுப்பினால் மூன்று வாரம்.
அந்தத் தப்பான ஆளாகக்
கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

நீள நீளமாய் ஓட்டுத் தையல் போட்டேன்,
நுனியில் முடிச்சு இல்லாமல்.
எங்கோ ஒரு மூன்றாம் மாடியில்
இதைப் பிரிக்கப்போகிறவளுக்கு
விரல் நோகக் கூடாது.

முதல் சலவையிலேயே விழுந்துவிடுமே
என்றான் ஓல்கியெர்ட்.
கத்தரியை எங்கே வைத்தாய் என்று கேட்டேன்.